இதற்கா படிக்கப் போனார்?

நாகலாபுரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் என்று சொல்வதைவிட, வழக்கு என்று சொல்லலாம். வாதியும் அவரே, வக்கீலும் அவரே, சாட்சியும் அவரே. தீர்ப்புச் சொல்லும் வேலையை மட்டும் போனால் போகிறதென்று நமக்கு விட்டுவைத்திருக்கிறார்.

விஷயம் இதுதான். ஐப்பசி மாதம். கரிசல் காட்டில் மழை பெய்தால் எப்படி இருக்கும் என்பது அந்தப் பக்கத்து நேயர்களுக்குத் தெரியும். மண் காலைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு படி மண் கூடவே கிளம்பி வரும். அப்படிப்பட்ட நாளில், காது வலி தாங்காமல் இரவெல்லாம் அழுத நாலு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, விளாத்திகுளம், எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் போயிருக்கிறார் அந்தச் சகோதரி. அங்கே காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் கெட்டிக்காரரான ஒரு டாக்டர் இருக்கிறார். போன வருஷம் இதே பையனுக்கு இதே வலி வந்தபோது குணப்படுத்தியவர் அவர்தானாம்.

போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு! "டாக்டர் கருத்தரங்குக்குச் சென்றிருக்கிறார். திங்கட்கிழமை பார்ப்பார்" என்று ஓர் அட்டை தொங்குகிறது. அன்று வெள்ளிக்கிழமை.

பக்கத்து மருந்துக் கடைக்காரர், "டாக்டர் மெட்ராஸுக்குப் படிக்கப் போயிருக்காரு, தாயி" என்றாராம். "தலை நரைச்ச மனுஷர் இனிமேலா படிக்கப் போறாரு?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் கொடுத்த வலி மருந்தை வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பியிருக்கிறார்.

திங்கட்கிழமை மறுபடியும் பிரயாணம். டாக்டர் பையனின் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். ஜுரம் இருக்கிறதா என்று பார்த்தார். காதின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பயப்படும்படி ஒன்றுமில்லை. தானாகவே ஆறிக்கொண்டு வருகிறது. வலித்தால் இந்த வலி மருந்தையே கொடுங்கள். மூன்று நாளில் சரியாகாவிட்டால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். போன வருஷம் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த கிருமி மருந்தை இந்தத் தடவை எழுதவே இல்லை!

சகோதரிக்கு வந்ததே கோபம்! கடிதத்தின் கடைசி வரிகளை அப்படியே தருகிறேன். "மூன்று நாள் கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் படித்தவர், திரும்பி வந்து மருந்தே தராமல் அனுப்பிவிட்டார். இதற்கா படிக்கப் போனார்? நீங்களே சொல்லுங்கள்."

சொல்கிறேன், சகோதரி. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். ஆமாம், இதற்குத்தான் படிக்கப் போயிருப்பார்!

மருந்து கொடுக்க அறிவு வேண்டும். கொடுக்காமல் இருக்க அதைவிட அதிக அறிவு வேண்டும். அது எப்படி என்று பார்ப்போம்.

நம்முடைய மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காது வரையில் ஒரு சின்னக் குழாய் ஓடுகிறது. பெரியவர்களுக்கு அது சற்று நீளமாகவும் சாய்வாகவும் இருக்கும். குழந்தைகளுக்கோ குட்டையாகவும், ஏறக்குறையப் படுக்கைவாட்டமாகவும் இருக்கும். ஆகவே ஜலதோஷம் பிடித்தால், மூக்கில் இருக்கும் தொல்லை சுலபமாகக் காதுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. குழாய் அடைத்துக்கொள்கிறது. நடுக்காதில் நீர் கோத்துச் செவிப்பறையை அழுத்துகிறது. நடு ராத்திரியில் குழந்தை வீரிட்டு அழுவது இதனால்தான்.

நம் பாட்டி காலத்தில் இது சாதாரண வியாதி அல்ல. சீழ் காதோடு நிற்காமல், பின்புறத்து எலும்புக்குள் புகுந்துவிடும். சுத்தியும் உளியும் கொண்டு அந்த எலும்பைத் திறந்து சீழை வடிப்பார்கள். மூளைக்கு ஏறினால் பிழைப்பது அபூர்வம். 1940-களில் பென்சிலின் புழக்கத்துக்கு வந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். கண்ணால் கண்ட அந்த அதிசயத்தை எந்த டாக்டர் மறப்பார்? காது வலி என்று வந்த குழந்தைக்கெல்லாம் கிருமி மருந்து கொடுப்பது வழக்கமாயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் இப்படியே நடந்தது.

ஆனால், வலித்த காதுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு, கிருமி மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், இரண்டு மூன்று நாளில் வலி போய்விடுகிறது. தேவையில்லாமல் கொடுத்த மருந்தோ சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் தடிப்பையும் உண்டாக்குகிறது. அதைவிடப் பெரிய அபாயம், கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடுவது. நாளைக்கு உண்மையாகவே ஆபத்து வரும்போது அதே மருந்து வேலை செய்யாது. ஆகவே 2004-ம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், லேசான காது வலிக்கு வலி மருந்து மட்டும் கொடுத்து, இரண்டு மூன்று நாள் கவனித்துப் பார்க்கலாம் என்று வழிமுறை வகுத்தார்கள். 2013-ல் அதைத் திருத்தி, யாருக்குக் காத்திருக்கலாம், யாருக்குக் கூடாது என்று இன்னும் தெளிவாகச் சொன்னார்கள்.

யாருக்குக் கூடாது என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசு, கடுமையான ஜுரம், தாங்க முடியாத வலி, காதில் சீழ், காதின் பின்புறம் வீங்கிக் காது முன்னே தள்ளிக்கொண்டு நிற்பது, கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் "மூன்று நாள் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. உங்கள் டாக்டர் ஜுரத்தையும் காதின் பின்புறத்தையும் பார்த்த பிறகே மருந்தை நிறுத்தினார் என்பதை நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் சும்மா அனுப்பவில்லை.

"போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் ஒன்று சொல்லும் டாக்டரை நம்புவது எப்படி?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் உங்கள் ஊர்க் காட்டிலேயே இருக்கிறது. கரிசல் விவசாயிக்கு யாரும் பருத்தி போடக் கற்றுத் தர வேண்டியதில்லை. பாட்டன் காலத்து வித்தை. ஆனாலும் 1901-ல் கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வந்த பிறகு என்ன நடந்தது? அங்கே உருவான ரகங்களுக்குக் 'கே' என்ற எழுத்தைப் போட்டு எண் கொடுத்தார்கள். விவசாயிகள் முதலில் வரப்பில் நின்று சந்தேகத்தோடு பார்த்தார்கள். பிறகு விதை வாங்கினார்கள். மண் அதே கரிசல்தான், மழை அதே மழைதான், விதை மாறியது. விதையை மாற்றியவரை "நிலையில்லாத மனுஷர்" என்று யாராவது சொல்கிறோமா? கெட்டிக்காரச் சம்சாரி என்றுதானே சொல்கிறோம்!

டாக்டர் பட்டம் என்பது முப்பது வருஷத்துக்கு முந்திய விதை. அதையே விதைத்துக்கொண்டிருந்தால் நஷ்டம் அவருக்கல்ல, நமக்கு.

இன்னோர் உதாரணம் சொல்கிறேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது பாட்டிக்கு வீடே சுழல்கிறது. மேலே பரணைப் பார்த்தால் சுழல்கிறது. புரண்டு படுத்தால் சுழல்கிறது. ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறது. "பித்தம்" என்கிறார் ஒருவர். "ரத்தக் கொதிப்பு" என்கிறார் இன்னொருவர். மாத்திரை வருஷக் கணக்கில் ஓடுகிறது. பாட்டி பயந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள்.

இப்படி வருகிற சுழற்சிக்குப் பெரும்பாலும் காரணம், உட்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிப்பொடியானவை. தம் இடத்தை விட்டுப் பெயர்ந்து, பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய் விழுந்துவிடுகின்றன. தலை அசையும்போது துகள்கள் உருள்கின்றன. உடம்பே சுழல்வதாக மூளை ஏமாந்துபோகிறது. இதைக் கண்டுபிடிக்கும் சோதனையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு பேர் 1952-லேயே விவரித்துவிட்டார்கள். சிகிச்சையைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்து டாக்டர் ஜான் எப்ளி. துகள் குழாய்க்குள் விழுந்ததுதானே தொல்லை? தலையை ஒவ்வொரு நிலையாகத் திருப்பி, விழுந்த வழியே அதை வெளியே உருட்டிவிட்டால் என்ன? குழந்தைகள் கையில் வைத்துக்கொண்டு குண்டு உருட்டி விளையாடும் பெட்டி ஞாபகம் வருகிறதா? அதே வித்தைதான்! கத்தி இல்லை, மாத்திரை இல்லை. ஐந்து பத்து நிமிஷ வேலை.

1980-ல் அவர் இதைச் சக டாக்டர்களிடம் சொன்னபோது கேட்டவர்கள் நம்பவில்லை. "தலையைத் திருப்பினால் வியாதி போய்விடுமா?" என்றார்கள். அவருடைய கட்டுரை அச்சில் வந்தது 1992-ல். பன்னிரண்டு வருஷம்! அதற்கு முன்பே கலாசாலையை விட்டு வெளியே வந்த டாக்டர்கள் இந்தச் சிகிச்சையை எங்கே கற்றிருக்க முடியும்? பிற்பாடு கருத்தரங்குக்குப் போனவர்கள் கற்றார்கள். போகாதவர்களின் நோயாளிகள் மாத்திரை விழுங்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். (தலைசுற்றல் எல்லாம் இந்த வகை அல்ல. பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், கடுமையான தலைவலி சேர்ந்து வந்தால் அது வேறு விஷயம். உடனே பெரிய ஆஸ்பத்திரி. வீட்டில் யாரும் பாட்டியின் தலையைத் திருப்பிப் பரீட்சை பண்ண வேண்டாம்.)

டாக்டர்கள் யாரிடமிருந்தெல்லாம் பாடம் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு பாட்டு வாத்தியாரிடமிருந்து! மானுவல் கார்சியா என்பவர் ஐரோப்பாவில் பெரிய சங்கீத ஆசிரியர். பாடும்போது குரல் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. 1854-ம் ஆண்டில், பல் வைத்தியர் உபயோகிக்கும் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன் மேல் பாய்ச்சி, தம்முடைய குரல்வளையைத் தாமே பார்த்துவிட்டார். உயிருள்ள மனிதன் பாடும்போது குரல் நாண்கள் அசைவதை அவர் இப்படிக் கண்டு விளக்கியபிறகுதான், தொண்டை வைத்தியமே ஒரு தனிச் சாஸ்திரமாக வளர்ந்தது. 1905-ல் அவருக்கு நூறு வயது நிறைந்தபோது, பல தேசத்துத் தொண்டை வைத்தியர்கள் லண்டனில் கூடி அந்த வாத்தியாருக்கு மரியாதை செய்தார்கள். விளாத்திகுளம் சுவாமிகள் ராகம் பாடிய சீமைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். குரலின் அருமை தெரிந்தவன்தானே குரலைத் தேடிப் போவான்!

இப்போது கோவில்பட்டிக்கே வருவோம். கோவில்பட்டி என்றதும் நாக்கில் என்ன ஊறுகிறது? கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்ட மிட்டாய் அது. ஆனால் வீட்டில் நாலு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், முழுக் கடலையைக் கையில் கொடுக்காதீர்கள். கடைவாய்ப் பல் சரியாக முளைக்காத குழந்தை, சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ ஓடிக்கொண்டோ மெல்லும்போது, கடலை உணவுக் குழாய்க்குப் பதிலாகக் காற்றுக் குழாயில் இறங்கிவிடும்.

அப்போது குழந்தை மூச்சு முட்ட இருமும். முகம் சிவக்கும். பிறகு, இதுதான் மோசம், இருமல் அடங்கிவிடும். கடலை உள்ளே போய், பெரும்பாலும் வலப்பக்கக் கிளைக் குழாயில், உட்கார்ந்துகொண்டிருக்கும். அந்தக் குழாய் சற்று அகலம், சற்று நேர். எக்ஸ்-ரே படத்தில் கடலை தெரியாது. நாலு நாள் கழித்து இழுப்பு, ஜுரம். "ஆஸ்துமா", "நெஞ்சுச் சளி" என்று வாரக் கணக்கில் வைத்தியம் நடக்கும். ஒரு பக்கத்து நெஞ்சில் மட்டும் காற்றுச் சத்தம் குறைவாக இருக்கிறதே என்று சந்தேகிக்கவும், "குழந்தை ஏதாவது தின்னும்போது புரையேறியதா?" என்று தாயாரைக் கேட்கவும் ஒரு டாக்டருக்குத் தோன்ற வேண்டும். அப்படிப் புரையேறியது உங்களுக்கு ஞாபகம் இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

1897-ல் ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்தில், ஒரு விவசாயியின் மூச்சுக் குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை, கத்தி வைக்காமல், வாய் வழியாக ஒரு குழலைச் செலுத்தி எடுத்தார் டாக்டர் கில்லியன். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்பவர் இந்த வித்தையைச் செம்மைப்படுத்தினார். மூச்சுக் குழாயிலிருந்தும் உணவுக் குழாயிலிருந்தும் எடுத்த ஊசி, பொத்தான், காசு, கடலை என்று 2,000-க்கும் மேற்பட்ட சாமான்களை அவர் சேகரித்து வைத்தார். பிலடெல்பியா நகரத்து மியூசியத்தில் இன்றும் அவை இருக்கின்றன. அவர் சாமான்களை மட்டும் சேர்க்கவில்லை, சீடர்களையும் சேர்த்தார். ஒருவர் கையில் இருக்கும் வித்தை அவரோடு போய்விடக் கூடாதல்லவா?

சின்ன ஊர் டாக்டருக்கு இத்தகைய கேஸ் எப்போதோ ஒன்றுதான் வரும். வருகிற அன்று கை நடுங்கக் கூடாது. உபயோகிக்காத அரிவாள் துருப்பிடிப்பது போல், உபயோகிக்காத வித்தையும் மழுங்கிவிடும். ஆகவேதான் பொம்மை வைத்துப் பழகுகிறார்கள். மறுபடியும் மறுபடியும் பழகுகிறார்கள்.

காலம் புதிய ஆபத்துக்களையும் கொண்டுவருகிறது. ஜாக்சன் காலத்தில் பொத்தான் இருந்தது. இன்றைக்குப் பொத்தான் மாதிரியே பாட்டரி இருக்கிறது. கடிகாரத்தில், விளையாட்டுச் சாமானில், ரிமோட்டில். குழந்தை அதை விழுங்கி அது உணவுக் குழாயில் நின்றுவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். மூக்கில் போட்டுக்கொண்டாலும் அப்படித்தான். சொட்டு மருந்து எதுவும் விடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை விழுங்கியிருந்தால், போகும் வழியில் தேன் கொடுப்பது அரிப்பைத் தணிக்கும் என்று 2018-ல்தான் ஆராய்ந்து சொன்னார்கள். தேனைத் தேடி நேரத்தைப் போக்குவதற்கல்ல. கையில் இருந்தால், டாக்டரிடம் டெலிபோனில் கேட்டுக்கொண்டு, ஓடிக்கொண்டே கொடுப்பதற்கு. 2018-க்கு முன்பு பாஸ் செய்த எந்த டாக்டரும் இதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்க முடியாது!

சரி, மெட்ராஸில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? வெறும் பிரசங்கம் மட்டும் அல்ல. காதின் எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பிலேயே மிகச் சின்ன எலும்பு நடுக்காதில்தான் இருக்கிறது. நீளம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். அதற்குப் பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் நரம்பு வளைந்து போகிறது. காதில் ரண சிகிச்சை செய்யும்போது கருவி ஒரு நூல் தப்பினால் முகம் கோணிவிடும். ஆகவே, இறந்த பிறகு தம் உடலைத் தானம் கொடுத்த புண்ணியவான்களின் எலும்பில், நுண்பெருக்கிக் கருவியை வைத்துக்கொண்டு, துளைத்துத் துளைத்துப் பழகுகிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைக் கழகம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இத்தகைய பயிற்சி உண்டு. தப்புச் செய்யலாம் என்று டாக்டருக்கு அனுமதி இருக்கும் ஒரே இடம் அதுதான். அங்கே தப்புச் செய்து திருத்திக்கொண்டால், உங்கள் பையனிடம் தப்புச் செய்ய மாட்டார்.

2021-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் இரண்டாவது அலை. பிழைத்து வீடு திரும்பியவர்கள் சிலருக்கு முகம் வீங்கியது, மூக்கு அடைத்தது, கண் வலித்தது. கரும்பூஞ்சை! சர்க்கரை வியாதிக்காரர்களையே அது பெரும்பாலும் தேடிப் பிடித்தது. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை, கண்டவுடன் அறிவிக்க வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது. அதுவரையில் தம் அனுபவத்தில் ஒன்றோ இரண்டோ பார்த்திருந்த காது மூக்கு தொண்டை டாக்டர்கள், திடீரென்று நாள்தோறும் பார்க்க வேண்டி வந்தது. மூக்குக்குள் குழல் விளக்கை விட்டு எதைத் தேடுவது, அழுகிய சதையை எதுவரையில் எடுப்பது, மருந்தை எந்த அளவில் கொடுப்பது? பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு வாரம் முந்திக் கண்டுபிடித்தால் ஒரு கண் மிஞ்சும், சில சமயம் உயிரே மிஞ்சும் என்ற நிலைமை. படிப்பு என்பது டாக்டருக்கு அலங்காரமல்ல என்பதை அந்த வருஷம் நமக்கெல்லாம் காட்டிவிட்டது.

இதற்கெல்லாம் சட்டமும் உண்டு. 2002-ல் வகுத்த மருத்துவ ஒழுக்க விதிகளில், ஒவ்வொரு டாக்டரும் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரமாவது இத்தகைய தொடர் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு ஆறு மணி நேரம். இரண்டு தமிழ் சினிமா பார்க்கும் நேரம்! இதுகூட வேண்டாம் என்று நாம் சொல்லலாமா?

ஆனால் சகோதரி, தீர்ப்பை முழுக்க டாக்டர் பக்கமே எழுதிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உங்கள் வழக்கிலும் நியாயம் இருக்கிறது.

முதலாவது, கருத்தரங்கு என்று சொல்லிக்கொண்டு நடப்பதெல்லாம் கல்வி அல்ல. வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. மருந்துக் கம்பெனி செலவில் ஊர் சுற்றி வந்து, அந்தக் கம்பெனி மருந்தையே எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு. இதற்காகவே 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்துக் கம்பெனிகளுக்கு நடத்தை விதிகளை வெளியிட்டு, டாக்டர்களுக்குப் பிரயாணச் செலவும் கேளிக்கையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் டாக்டரைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. கம்பெனி விருந்து சாப்பிட்டு வந்தவர் மருந்தைக் கூட்டுவார்; குறைப்பாரா?

இரண்டாவது, டாக்டர் படிக்கும் படிப்புக்குச் சம்பளம் கட்டியது யார்? சேற்றில் நடந்து, பஸ் ஏறி, பூட்டைப் பார்த்துத் திரும்பிய நீங்கள்தான். பட்டணத்தில் ஒருவர் போனால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருப்பார். கரிசல் காட்டில் அப்படியா? ஆகவே படிக்கப் போகும் டாக்டருக்கு ஒரு கடமை உண்டு. பத்து நாள் முன்பே அட்டையைத் தொங்கவிட வேண்டும். தாம் இல்லாத நாளில் யாரிடம் போகலாம், அவசரத்துக்குத் தூத்துக்குடிக்குப் போவதா, திருநெல்வேலிக்குப் போவதா என்று அதிலேயே எழுத வேண்டும். பூட்டிய கதவும் நோயாளிக்கு வழி சொல்ல வேண்டும். உங்கள் டாக்டரின் அட்டை சொல்லவில்லை. அந்த அளவில் அவர் மேல் குற்றம்தான்.

மூன்றாவது, படிப்பு பெரிய டாக்டரோடு நின்றுவிடக் கூடாது. குழந்தையின் காதை முதலில் பார்க்கிறவர் கோவில்பட்டி நிபுணரல்ல. ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர், நர்ஸம்மா, அங்கன்வாடி ஊழியர். காது கேளாமையைத் தடுப்பதற்காக மத்திய அரசு 2007-ல் சில மாவட்டங்களில் ஆரம்பித்த திட்டத்தின் நோக்கங்களில் ஒன்று, இவர்களுக்கும் பயிற்சி கொடுப்பது. மெட்ராஸ் போய்க் கற்றவர் திரும்பி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்தில் உட்கார்ந்து, இந்த நாலு பேருக்குச் சொல்லித் தந்தால், அடுத்த ஐப்பசியில் உங்களைப் போன்ற ஒரு தாயார் அவ்வளவு தூரம் பஸ் ஏற வேண்டியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது, டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டையும் எடுத்துப் போங்கள். "போன வருஷம் இந்த மருந்து கொடுத்தீங்களே ஐயா, இப்போ ஏன் வேண்டாங்கிறீங்க?" என்று வாய் விட்டுக் கேளுங்கள். படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். காரணம் சொல்வார். அந்தக் காரணத்தைச் சொல்லாமல் அனுப்பியது அவர் செய்த இரண்டாவது தப்பு. மருந்து தராதபோது, அதன் இடத்தில் விளக்கமாவது தர வேண்டாமா?

ஆக, தீர்ப்பு இது: படிக்கப் போனது சரி. அட்டை எழுதியது சரியில்லை. மருந்து தராதது சரி. காரணம் சொல்லாதது சரியில்லை. செலவுத் தொகையாக டாக்டர் உங்களுக்கு இரண்டு பஸ் டிக்கெட்டும், பையனுக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாயும் தர வேண்டும். பையனுக்கு நாலு வயதுதானே. மிட்டாயை நன்றாகப் பொடித்து, உட்கார வைத்துக் கொடுங்கள்.

தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு உறைக்குள் கடிதத்தை மடித்து வைக்கப் போனேன். பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஒரு வரி கண்ணில் பட்டது. முதலில் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

"பின்குறிப்பு: பையனுக்குப் புதன்கிழமையே வலி போய்விட்டது. இப்போது தெருவில் ஆடிக்கொண்டிருக்கிறான்."

பார்த்தீர்களா, நேயர்களே! வழக்கின் முக்கியமான சாட்சியை வாதியே பின்பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்!